பெங்களூர் ரிசர்ச் லேப்ல சேர மெயில் எழுதறது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பெங்களூர்ல ஒரு பயாலஜி லேப்ல போஸ்ட்டாக், அதாவது பிஹெச்டி முடிச்சுட்டு ஆராய்ச்சி பண்றவ. எங்க லேப் தலைவர், ப்ரொபசர் மேடத்துக்கு வர்ற இன்டர்ன்ஷிப் மெயில், ப்ராஜெக்ட் மெயில் எல்லாத்துக்கும் முதல் வடிகட்டல் என்கிட்ட தான். அதுல நம்ம பசங்க மெயில் நிறைய இருக்கும். சேலம், நாமக்கல், திருநெல்வேலி, இங்கயே அல்சூர்ல பொறந்து வளர்ந்தவங்க கூட. அது போக சொந்தக்காரங்க பசங்க, அவங்க ஃப்ரெண்டோட ஃப்ரெண்டுன்னு "அக்கா ஒரு டவுட்டு"ன்னு போன் வந்துக்கிட்டே இருக்கும். திரும்பத் திரும்ப கேக்கறதை எல்லாம் இங்க சேத்துட்டேன். உதாரணம் எல்லாம் பயாலஜி பக்கம் சாயும், பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி பசங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.

அக்கா, பெங்களூர்னா ஐஐஎஸ்சி தானே? அங்க கிடைக்கலேன்னா திரும்பி வந்துடணுமா?

ஐஐஎஸ்சி (இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் சயின்ஸ்) 1909-ல ஆரம்பிச்சது, பழைய ஊர்க்காரங்க இன்னும் டாடா இன்ஸ்டிட்யூட்னு தான் சொல்வாங்க, பேரு பெருசு, அதனால எல்லா மெயிலும் அங்கயே போய் குவியுது. ஆனா பல்லாரி ரோட்ல ஜிகேவிகே அக்ரி கேம்பஸுக்குள்ள என்சிபிஎஸ் இருக்கு, முழுக்க பயாலஜி. ஜக்கூர்ல நேரு பேர்ல இருக்கற ரிசர்ச் சென்டர் ஜேஎன்சிஏஎஸ்ஆர். மேக்ரி சர்க்கிள் கிட்ட சர் சி.வி. ராமன் 1948-ல ஆரம்பிச்ச ராமன் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட். கோரமங்களாவுல வானவியலுக்கு ஐஐஏ, ஹெசரகட்டா பக்கம் தியரிக்கு ஐசிடிஎஸ், மைசூர் ரோட்ல புள்ளியியலுக்கு ஐஎஸ்ஐ, ஓசூர் ரோட்ல மூளை, மனநலத்துக்கு நிம்ஹான்ஸ். இது போக அக்ரி யுனிவர்சிட்டி, மெடிக்கல் காலேஜ் லேப்னு நிறைய. இன்ஸ்டிட்யூட் பேரை வெச்சு தேடாதீங்கப்பா. உங்களுக்கு எந்த கேள்வி மேல ஆசையோ அதை வெச்சு தேடுங்க, அந்த கேள்விய யாரு எந்த ஏரியாவுல உக்காந்து பாத்துட்டு இருக்காங்கன்னு தானா தெரியும்.

மெயில் போட்டா போதுமா, இல்ல எக்ஸாம் எழுதணுமா?

எதுக்கு சேரப் போறீங்கங்கறத பொறுத்தது. பிஹெச்டிக்கு மெயில் மட்டும் போட்டு யாரும் உள்ள வர முடியாது. கேட், நெட், ஜெஸ்ட், ஜிபில்ஸ் மாதிரி ஏதாவது எக்ஸாம், அப்புறம் இன்டர்வியூ, அதுக்குன்னு இருக்கற போர்ட்டல்ல அப்ளிகேஷன். ஆனா முன்னாடியே அந்த ப்ரொபசருக்கு ஒரு நல்ல மெயில் போட்டு இந்த வருஷம் ஸ்டூடண்ட் எடுக்கறாங்களான்னு கேக்கறதுல தப்பே இல்ல.

ஜேஆர்எஃப் (ஜூனியர் ரிசர்ச் ஃபெலோ), ப்ராஜெக்ட் அசோசியேட் மாதிரி வேலைக்கு விளம்பரம் வரும், அதுல சொன்ன ஃபார்மட்ல சொன்ன தேதிக்குள்ள அனுப்பணும். இன்டர்ன்ஷிப், எம்எஸ்சி டிஸர்டேஷன் இதுக்கெல்லாம் தான் நேரடி மெயில் பெருசா வேலை செய்யும். சம்மருக்குன்னா மூணு சயின்ஸ் அகாடமி (பெங்களூர், டெல்லி, அலகாபாத்) சேர்ந்து நடத்தற சம்மர் ஃபெலோஷிப் இருக்கு, ஜேஎன்சிஏஎஸ்ஆர் தனியா ஒண்ணு நடத்துது. இதுங்களுக்கு பொதுவா முந்தின வருஷக் கடைசியிலயே அப்ளிகேஷன் திறந்துடும், நம்ம பசங்க ஏப்ரல் மாசம் செமஸ்டர் எக்ஸாம் நெருங்கும்போது தான் முழிச்சுக்கறாங்க, அப்ப ஃபெலோஷிப்பும் போச்சு, லேப்ல பெஞ்சும் போச்சு. மே மாசம் வரணும்னா டிசம்பர் ஜனவரியில மெயில் போயிருக்கணும்.

மெயில் போடறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்?

அந்த லேப் வெப்சைட்ல "ஜாயின் அஸ்", "ஓப்பன் பொசிஷன்ஸ்"னு ஒரு பக்கம் இருக்கும். முதல்ல அதை ஒழுங்கா படிங்க. சில பேரு அதுலயே "சப்ஜெக்ட் லைன்ல இந்த வார்த்தைய போடுங்க"ன்னு ஒளிச்சு வெச்சிருப்பாங்க, போடாத மெயில திறக்கவே மாட்டாங்க. சில பேரு "இந்த வருஷம் இன்டர்ன் எடுக்கல"ன்னு பெருசா எழுதி இருப்பாங்க, அப்பவும் மெயில் வரும். அடுத்து அந்த லேப் வெளியிட்ட ரிசர்ச் பேப்பர்ல ஒண்ணு படிங்க.

பேப்பர் படிக்க சொல்றீங்க, ஒண்ணுமே புரியலையே அக்கா?

புரியாது, சரி தான். முழுசா புரிஞ்சா தான் எழுதணும்னு யாரு சொன்னா? அந்த லேபோட போன ரெண்டு மூணு வருஷத்து பேப்பர்ல ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கோங்க. அதுல லாஸ்ட் ஆத்தர் அந்த ப்ரொபசர் தானான்னு பாருங்க, பயாலஜியில பெரும்பாலும் லேப் தலைவர் பேரு கடைசியில வரும், நடுவுல எங்கயோ பேரு இருந்தா அது வேற யாரோ லீட் பண்ண வேலையா இருக்கலாம். அப்ஸ்ட்ராக்ட் படிச்சிட்டு நேரா படங்களுக்கு போங்க. ஒவ்வொரு படத்துலயும் எதை அளந்தாங்க, எதோட ஒப்பிட்டாங்கன்னு உங்க சொந்த வார்த்தையில தமிழ்லயே ஒரு நோட்ல எழுதுங்க. அப்புறம் மெத்தட்ஸ் பகுதி. நம்ம காலேஜ் பசங்களுக்கு உண்மையில பலமான இடம் அது தான், ஏன்னா அதுல இருக்கற நாலு விஷயத்துல ஒண்ணை நீங்களே கையால பண்ணி இருப்பீங்க. கடைசியா டிஸ்கஷன், அதுல "இது இன்னும் தெரியல"ன்னு அவங்களே ஒத்துக்கற இடம் ஒண்ணு வரும், அதை மார்க் பண்ணி வெச்சுக்கோங்க.

காசு கட்டினா தான் பேப்பர் திறக்குதுன்னா விட்டுடாதீங்க. பிசிக்ஸ், மேத்ஸுக்கு 1991-ல இருந்தே ஆர்க்கைவ் இருக்கு, பயாலஜிக்கு 2013-ல இருந்து பயோஆர்க்கைவ், ரெண்டும் பேப்பரை ஃப்ரீயா படிக்கற வெப்சைட். அரசு காலேஜ்ல படிக்கறீங்கன்னா 2025 ஜனவரியில இருந்து ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்னு ஒரு திட்டம் ஓடுது, சுமார் 13,000 ஜர்னல் அதுக்குள்ள வருது, லைப்ரேரியன் கிட்ட போய் கேளுங்க, அவருக்கே தெரியாம இருந்தா நீங்க சொல்லிக் குடுங்க. எதுவும் நடக்கலையா, பேப்பர் எழுதினவருக்கே ரெண்டு வரி மெயில் போட்டு பிடிஎஃப் கேளுங்க. பெரும்பாலும் சந்தோஷமா அனுப்புவாங்க. அறிமுகமும் ஆச்சு.

சரி, மெயில்ல என்ன தான் எழுதறது?

முதல்ல எங்களுக்கு தினமும் வர்றதை சொல்றேன். "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் எ ஹார்ட்வொர்க்கிங் அண்ட் பேஷனேட் ஸ்டூடண்ட், ஐ வென்ட் த்ரூ யுவர் எஸ்டீம்ட் ப்ரொஃபைல், யுவர் ரிசர்ச் இஸ் வெரி இன்ட்ரஸ்டிங்." எங்க மேடத்துக்கு இது "சார்"னு வருது. நாலு தடவை இன்ட்ரஸ்டிங்னு இருக்கும், எது இன்ட்ரஸ்டிங்னு ஒரு இடத்துல கூட இருக்காது. எழுதின பிள்ளை மேல கோவம் வராது, ஆனா இந்த பிள்ளை யாருன்னே தெரியல, அப்புறம் எப்படி கூப்பிடறது?

நான் வெச்சிருக்கற ஒரே டெஸ்ட் இது தான்: ப்ரொபசர் பேரை மட்டும் மாத்திட்டு அந்த மெயில பக்கத்து பில்டிங் லேபுக்கு அனுப்ப முடியுமா? முடியும்னா நீங்க இன்னும் எழுதவே ஆரம்பிக்கல.

இப்ப ஒரு உதாரணம், நானே கற்பனையா எழுதினது. நாமக்கல்ல எம்எஸ்சி மைக்ரோபயாலஜி படிக்கற ஒரு பொண்ணு. கோழிப்பண்ணை ஊரு. கொலிஸ்டின்னு ஒரு ஆன்டிபயாடிக், மனுஷனுக்கு வேற மருந்து கேக்காதப்ப கடைசியா குடுக்கறது, அதை கோழித் தீவனத்துல கலக்கக் கூடாதுன்னு 2019 ஜூலையில மத்திய அரசு தடை போட்டுச்சு. இந்த பொண்ணு பண்ணை எருவுல இருந்து ஈ.கோலைங்கற பாக்டீரியாவை எடுத்து ப்ராஜெக்ட் பண்ணி இருக்கா. மெயில் இங்கிலீஷ்ல தான் போகும், விஷயத்தை நான் தமிழ்ல சொல்றேன்:

"டியர் டாக்டர் இன்னார், நான் நாமக்கல்ல எம்எஸ்சி ரெண்டாவது வருஷம். மே, ஜூன் ரெண்டு மாசம் உங்க லேப்ல இன்டர்னா வர இடம் இருக்கான்னு கேக்க எழுதறேன். என் ப்ராஜெக்ட்ல கோழி எருவுல இருந்து எடுத்த 24 ஈ.கோலை ஐசோலேட்டை (தனியா பிரிச்சு வளர்த்தது) முல்லர் ஹின்டன் அகார்ல மருந்து டிஸ்க் வெச்சு கொலிஸ்டினுக்கு டெஸ்ட் பண்ணேன். உங்க லேபோட இந்த வருஷத்து பேப்பர்ல அதே டெஸ்டை பிராத் மைக்ரோடைல்யூஷன்ல (அகார் இல்லாம திரவத்துல) பண்ணி இருக்கீங்க. கொலிஸ்டின் அகார்ல சரியா பரவாது, டிஸ்க் ரிசல்ட்டை நம்ப முடியாதுன்னு அதைப் படிச்ச அப்புறம் தேடிப் பாத்து தான் தெரிஞ்சுக்கிட்டேன். என் 24-ல எத்தனை நிஜம்னு இப்ப எனக்கு சந்தேகம். ஐசோலேட் எல்லாம் கிளிசரால் ஸ்டாக்ல பத்திரமா இருக்கு. எங்க டிபார்ட்மென்ட்ல மைனஸ் 20 ஃப்ரீசர் தான் இருக்கு, பிசிஆர் (டிஎன்ஏவை நகல் எடுக்கற முறை) நான் சீனியர் பண்ணும்போது கூட நின்னு பாத்திருக்கேன், தனியா பண்ணதில்ல. சிவியும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் இணைச்சிருக்கேன். என் கைடோட மெயில் ஐடி கீழ இருக்கு."

அவ்வளவு தான். இதுல பேஷனேட்னு ஒரு வார்த்தை இல்ல. ஆனா இந்த பொண்ணு தன் ரிசல்ட்டை தானே சந்தேகப்பட்டிருக்கா, காரணத்தோட. அந்த ஒரு வரிக்காகவே நான் மேடம் ரூம் கதவை தட்டுவேன். ஃப்ரீசர்ல வெச்சிருக்கேன்னு சொன்னது கூட பெரிய விஷயம், வேலை முடிஞ்சதும் தூக்கிப் போடற பழக்கம் இல்லைங்கறது தெரியுது.

ஆனா என்கிட்ட அந்த மாதிரி ப்ராஜெக்ட் ஒண்ணும் இல்லையே?

பிஎஸ்சி ரெண்டாவது வருஷத்துல யாருக்கும் இருக்காது. பிராக்டிக்கல் கிளாஸ்ல எதிர்பார்த்த ரிசல்ட் வராம போன ஒரு நாளை எடுத்துக்கோங்க. ஏன் வரலைன்னு யோசிச்சீங்களா, எதை மாத்திப் பாத்தீங்க? மூணு வரி எழுதுங்க. ஊர்ல ஏரிக்கு வர்ற பறவையை எண்ணி நோட்ல குறிச்சு வெச்சிருந்தா அதுவும் டேட்டா தான். கோடிங் கத்துக்கிட்டு சும்மா ஏதோ ஒரு ஃபைலை பிளாட் பண்ணி இருந்தா அந்த லிங்க்கை குடுங்க.

ப்ரொபசரை கொஞ்சம் புகழ்ந்தா நல்லது தானே?

கணித மேதை ராமானுஜன் 1913 ஜனவரி 16-ந் தேதி கேம்பிரிட்ஜ் கணித ஆசிரியர் ஹார்டிக்கு எழுதின லெட்டர் தான் நம்ம ஊர்ல இருந்து போனதுலயே பெரிய அப்ளிகேஷன். கதை எல்லாருக்கும் தெரியும், லெட்டர்ல என்ன இருந்துச்சுன்னு யாரும் பாக்கறதில்ல. மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட் அக்கவுன்ட்ஸ்ல கிளார்க், வருஷம் 20 பவுண்டு சம்பளம்னு ஆரம்பிக்கறார். யுனிவர்சிட்டி படிப்பு இல்ல, ஸ்கூல் படிப்பு தான்னு அடுத்து சொல்லிடறார், மறைக்கல. அப்புறம் நேரா ஹார்டியோட "ஆர்டர்ஸ் ஆஃப் இன்ஃபினிட்டி"ங்கற சின்ன புத்தகத்துல 36-ஆம் பக்கத்துக்கு போறார். ஒரு நம்பருக்குள்ள எத்தனை பிரைம் நம்பர் இருக்குன்னு சொல்ல சரியான ஃபார்முலா இன்னும் கிடைக்கலைன்னு நீங்க எழுதி இருக்கீங்க, உண்மைக்கு ரொம்ப கிட்ட வர்ற ஒண்ணு என்கிட்ட இருக்குன்னு சொல்லி, கூடவே தேற்றங்களை பக்கம் பக்கமா வெச்சு அனுப்பறார். பக்கம் நம்பர் முதற்கொண்டு! இத்தனைக்கும் அந்த பிரைம் நம்பர் விஷயத்துல அவர் சொன்ன அளவுக்கு துல்லியம் இல்லைன்னு பின்னாடி தெரிஞ்சுது, அப்பவும் ஹார்டி கூப்பிட்டார். அதுக்கு முன்னாடி கேம்பிரிட்ஜ்ல வேற ரெண்டு பேருக்கு எழுதி ஒண்ணும் நடக்கலைங்கறதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க, உங்களுக்கு பதில் வராத அன்னிக்கு உதவும்.

சாட்ஜிபிடில எழுதிக்கலாமா?

ஸ்பெல்லிங், கிராமர் பாக்க வெச்சுக்கோங்க. முழுசா எழுத விட்டா நீங்க பண்ணாததையும் பண்ணதா எழுதி வெச்சிடும், நீங்களும் நல்லா இருக்கேன்னு அனுப்பிடுவீங்க, ஜூம்ல வந்து உக்காந்ததும் முதல் கேள்வியிலயே மாட்டும். அது மட்டும் இல்ல, ஒரே வாரத்துல ஒரே மாதிரி ஆரம்பிக்கற மெயில் வரிசையா வரும்போது படிக்கறவங்களுக்கு கண்ணு தானா தாண்டிப் போயிடுது. உங்க உடைஞ்ச இங்கிலீஷ்ல வந்தா நின்னு படிப்பேன், சத்தியமா.

தமிழ் மீடியம், இங்கிலீஷ் சுமாரா தான் வரும். கேவலமா நினைப்பாங்களா?

சின்ன சின்ன வாக்கியமா எழுதுங்க. நான் இதை பண்ணேன். இது வந்துச்சு. இது புரியல. போதும். பேசறதுக்கு பயமா இருந்தா மெயில்லயே சொல்லிடலாம், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. லேப்ல பாதி பேருக்கு இங்கிலீஷ் ரெண்டாவது மொழி தான், வங்காளி ஒருத்தர், மலையாளி ஒருத்தர், கன்னடக்காரங்க, எல்லாரும் அவங்கவங்க ஸ்டைல்ல தான் பேசறாங்க.

சார்னு போடவா, மேடம்னு போடவா?

"டியர் டாக்டர்" இல்ல "டியர் ப்ரொபசர்", கூட அவங்க பேரு, எழுத்துப்பிழை இல்லாம. "சார்/மேடம்"னு ரெண்டையும் போட்டு அனுப்பினா யாருக்கு எழுதறோம்னே பாக்கலைன்னு அர்த்தம். நேர்ல வந்த அப்புறம் சார், மேடம்னு கூப்பிட்டுக்கோங்க.

அரியர் இருக்கு, சிஜிபிஏ கம்மி. சொல்லணுமா?

மார்க்‌ஷீட் கேட்டா எப்படியும் தெரியத் தான் போகுது. சிவியில நம்பரை அப்படியே போடுங்க. காரணம் இருந்தா ஒரு வரி, வீட்டுக் கதை முழுசா வேண்டாம். இன்டர்ன்ஷிப்புக்கு எங்க மேடம் சிஜிபிஏவை கடைசியா தான் பாக்கறாங்க, ஆனா எல்லா லேபும் அப்படின்னு நான் சொல்ல மாட்டேன், சில இடத்துல கட் ஆஃப் இருக்கு, ஃபெலோஷிப்ல கண்டிப்பா பாப்பாங்க.

சிவியில என்னென்ன இருக்கணும்?

ரெண்டு பக்கம் தாண்டாதீங்க. அப்பா பேரு, ஜாதி, மதம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, "மேற்கூறியவை அனைத்தும் உண்மை"ங்கற உறுதிமொழி எல்லாம் கல்யாண பயோடேட்டாவுக்கு. டெக்னிக் லிஸ்ட் போடும்போது மட்டும் ஜாக்கிரதை. பிசிஆர், வெஸ்டர்ன் பிளாட், எச்பிஎல்சின்னு வரிசையா அடுக்கறாங்க, கேட்டா ஒரு நாள் ஒர்க்‌ஷாப்ல தூரத்துல நின்னு பாத்தது. தனியா பண்ணது, கூட இருந்து பண்ணது, பாத்தது மட்டும், இப்படி மூணா பிரிச்சுப் போடுங்க. இப்படி பிரிச்ச சிவி வந்தா அதுல இருக்கற ஒவ்வொரு வரியையும் நான் நம்புவேன்.

ரெகமெண்டேஷன் லெட்டர் கேட்டா எச்ஓடி "நீயே எழுதிட்டு வா, கையெழுத்து போடறேன்"ங்கறார்?

ஊர் வழக்கம், என்ன பண்றது. நீங்களே உங்களை "எக்ஸலன்ட்"னு எழுதிக்கறதுக்கு பதிலா, அவர்கிட்ட என்ன பண்ணீங்க, எந்த வருஷம், எந்த பாடம் எடுத்தார், லேப்ல நடந்த ஒரு விஷயம், இதையெல்லாம் ஒரு பக்கம் குறிப்பா எழுதிக் குடுத்து "இதை வெச்சு நீங்களே எழுதினா நல்லா இருக்கும் சார்"னு கேளுங்க. பாதி பேரு எழுதிடுவாங்க. எச்ஓடியை விட பிராக்டிக்கல்ல கூட நின்ன ஜூனியர் லெக்சரர் எழுதற லெட்டர் மதிப்பு.

அம்பது பேருக்கு ஒரே நேரத்துல அனுப்பலாமா?

வேண்டாம். ஒரே டிபார்ட்மென்ட்ல ஆறு ப்ரொபசருக்கு ஒரே மெயில் போயி, மத்தியானம் டீ குடிக்கும்போது ஒருத்தருக்கொருத்தர் காட்டி சிரிச்சதை நானே பாத்திருக்கேன். நாலஞ்சு லேப், ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாரம் படிப்பு, அது போதும்.

பதிலே வரல. என்ன அர்த்தம்?

பெரும்பாலும் ஒண்ணும் அர்த்தம் இல்ல. கிராண்ட் (ஆராய்ச்சிப் பணம்) கேக்கற டெட்லைன், டிராவல், இல்ல மெயில் கீழ போயிடுச்சு. ரெண்டு வாரம் கழிச்சு அதே மெயிலுக்கு ரிப்ளையா ரெண்டு வரி போடுங்க. அப்பவும் இல்லேன்னா அடுத்த லேப். வாட்ஸ்ஆப் நம்பர் தேடிப் பிடிச்சு மெசேஜ் பண்றது, லின்க்டுஇன்ல தினமும் தட்டறது எல்லாம் வேண்டாம்ப்பா.

நேர்லயே வந்து பாத்துட்டா?

சொல்லாம வராதீங்க. கேட்ல செக்யூரிட்டி யாரைப் பாக்கணும்னு கேப்பாங்க, உள்ள போன் போடுவாங்க, அவங்க மீட்டிங்ல இருப்பாங்க, சேலத்துல இருந்து விடிகாலை பஸ் ஏறி வந்த பிள்ளை வெளிய மரத்தடியில நிக்கும். அதுக்கு பதிலா ஐஐஎஸ்சி ஓப்பன் டே அன்னிக்கு வாங்க, வருஷத்துல ஒரு நாள் லேப் எல்லாம் பொதுமக்களுக்கு திறந்து விடுவாங்க, பசங்க அவங்கவங்க ஸ்டால்ல நின்னு விளக்கிட்டு இருப்பாங்க, அவங்ககிட்ட பேசினா வெப்சைட்ல இல்லாத விஷயம் எல்லாம் தெரியும்.

ஜூம் கால்ல என்ன கேப்பாங்க?

மெயில்ல எழுதினதையே தான். "அந்த 24 எப்படி தேர்ந்தெடுத்த? கன்ட்ரோல் என்ன வெச்ச?" தெரியலேன்னா தெரியலன்னு சொல்லிட்டு, எப்படி கண்டுபிடிப்பேன்னு சத்தமா யோசிங்க. நீங்களும் கேளுங்க: எனக்கு தினமும் யாரு சொல்லித் தருவாங்க, வேலை எந்த அளவுக்கு முடியணும்னு எதிர்பாக்கறீங்க, பழைய இன்டர்ன் யார்கிட்டயாவது பேசலாமா? கடைசி கேள்விக்கு தயங்காம நம்பர் குடுக்கற லேப் பெரும்பாலும் நல்ல லேப்.

காசு விஷயம்?

கேக்கறது தப்பில்ல, ஆனா முதல் மெயில்ல வேண்டாம். ஃபெலோஷிப்ல வந்தா ஸ்டைபண்ட் உண்டு, நேரடி இன்டர்ன்ஷிப்னா பல லேப்ல இல்ல. ஜேஆர்எஃப்க்கு 2023 ஜனவரியில இருந்து மாசம் 37,000, அது போக எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி). கேம்பஸ் ஹாஸ்டல் இன்டர்ன்களுக்கு கிடைக்கறது கஷ்டம், ஐஐஎஸ்சி பசங்க நிறைய பேரு மத்திகெரே பக்கம் பிஜியில தான் இருக்காங்க, அட்வான்ஸ் எவ்வளவு திருப்பித் தருவாங்கன்னு எழுத்துல வாங்கிக்கோங்க. லேப் பேரைச் சொல்லி யாராவது நடுவுல வந்து "சர்டிபிகேட்டோட இன்டர்ன்ஷிப், பணம் கட்டுங்க"ன்னா அந்த இன்ஸ்டிட்யூட் ஆபீஸுக்கே மெயில் போட்டு விசாரிக்காம பத்து பைசா குடுக்காதீங்க.

வேண்டாம்னு சொல்லிட்டாங்க. திரும்ப கேக்கலாமா?

காரணத்தை பொறுத்தது. இடம் இல்லைன்னா "அடுத்த சீசன் எழுதலாமா"ன்னு கேளுங்க. ஸ்கில் போதலைன்னா அதை கத்துக்கிட்டு புதுசா சொல்ல ஒண்ணு கையில வந்த அப்புறம் எழுதுங்க. பொண்ணுங்கறதுக்காக 1933-ல கமலா சோஹோனியை ஐஐஎஸ்சில சேத்துக்க மாட்டேன்னு டைரக்டரா இருந்த ராமன் சொன்னார், அவங்க விடாம நின்னு போராடி, ஒரு வருஷம் பாத்துட்டு தான் முடிவுங்கற கண்டிஷனோட உள்ள போனாங்க, பின்னாடி 1939-ல கேம்பிரிட்ஜ்ல பிஹெச்டி. அது அநியாயத்துக்கு எதிரா நின்னது. ஃப்ரீசர்ல இடம் இல்ல, சொல்லித் தர ஆள் இல்லைன்னு ஒருத்தர் சொன்ன அப்புறமும் அவர் முன்னாடி போய் உக்காந்தா அது அந்தக் கணக்குல வராது.

அக்கா, கடைசியா ஒண்ணு. அட்டாச்மென்ட்டுக்கு என்ன பேரு வெக்கறது?

உங்க பேரு, கூட சிவின்னு. பிடிஎஃப்பா. "நியூ ரெஸ்யூம் ஃபைனல் டூ"ன்னு வேண்டாம். அனுப்பறதுக்கு முன்னாடி முதல்ல உங்களுக்கே ஒரு தடவை அனுப்பி, போன்ல திறந்து பாருங்க, மேடம் பாதி நேரம் மெட்ரோவுல தான் மெயில் பாக்கறாங்க.